காலிக் கடையில் விருந்தோம்பல்: கத்தோலிக்கத் தொழிலாளி இல்லங்களும் உடைமை பற்றிய கேள்வியும்

வீடற்றவர்களும் அவர்களுக்குத் துணைநிற்க முன்வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே உலையில் வெந்ததை உண்டு, வாடகை என்ற பேச்சே இல்லாமல் சேர்ந்து வாழும் இடத்துக்கு விருந்தோம்பல் இல்லம் என்று பெயர். 1933-இல் நியூயார்க்கில் தொடங்கிய கத்தோலிக்கத் தொழிலாளி இயக்கம் அதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தது. அந்த இயக்கத்தின் தொடக்ககால வரலாற்றில் வியாபாரம் நின்றுபோன கடைகளுக்குத் தனி இடம் உண்டு. காசு கொடுத்தவருக்கு மட்டுமே பொருள் கிடைத்த அறையில், கொடுக்க எதுவும் இல்லாதவர் உட்கார்ந்து சாப்பிட்டார். இந்த மாற்றத்துக்குள் ஒரு பழைய அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் இடத்தின் மீது, படுக்க இடமில்லாதவருக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அதை நிறைவேற்ற வேண்டியது அரசா, திருச்சபையா, பக்கத்தில் குடியிருப்பவரா?

தொடக்கம்

இயக்கத்தின் நிறுவனர்கள் இருவர். டோரதி டே (1897–1980) இளமையில் சோஷலிஸ்ட் ஏடுகளில் எழுதிய பத்திரிகையாளர். 1927-இல் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றார். பீட்டர் மோரின் (1877–1949) தெற்கு பிரான்சின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் கூலிவேலை செய்து வாழ்ந்தவர். 1932 டிசம்பரில் இருவரும் சந்தித்தபோது மோரினிடம் மூன்று அம்சத் திட்டம் ஒன்று தயாராக இருந்தது. தொழிலாளரும் அறிஞரும் கூடிப் பேசிச் சிந்தனையைத் தெளிவாக்கும் கூட்டங்கள், ஏழைகளுக்கான விருந்தோம்பல் இல்லங்கள், நிலத்தில் சேர்ந்து உழைத்து வாழும் வேளாண் குடியிருப்புகள் ஆகியவையே அந்த மூன்று.

1933 மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகை விற்பனைக்கு வந்தது. முதல் இதழ் 2,500 பிரதிகள்; விலை ஒரு சென்ட். அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்போது வேலை இல்லை. கிழக்கு 15-ஆம் தெருவில் டே குடியிருந்த வீட்டின் சமையலறையில்தான் பத்திரிகை தயாரானது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த முடிதிருத்தும் கடை காலியானதும், அது பத்திரிகை அலுவலகமாயிற்று. கடைக்காரர் வெளியேறிய இடத்தில், பொருளாதார மந்தநிலை தெருவுக்குத் தள்ளியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

விருந்தோம்பல் இல்லங்களைப் பற்றி மோரின் எழுதியதைப் படித்துவிட்டு, வீடில்லாத பெண் ஒருத்தி நேரில் வந்து அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அப்படி ஓர் இல்லம் அதுவரை எழுத்தில் மட்டுமே இருந்தது. பக்கத்தில் ஒரு குடியிருப்பை வாடகைக்குப் பிடித்து, பெண்களுக்காகத் தொடங்கியதே முதல் இல்லம். 1934-இல் ஹார்லெமில் ஒரு கடைமுகப்பு இடத்தில் கிளை ஒன்று திறக்கப்பட்டது. 1936-இல் இயக்கம் இத்தாலியக் குடியேறிகள் நிறைந்த பகுதியில், மாட் தெரு 115-ஆம் எண்ணுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பின்கட்டில் குடியிருப்பு அறைகள். தெருவைப் பார்த்த முன்கட்டில் கடைகள். காலையில் காபியும் ரொட்டியும் கிடைக்கும் என்ற செய்தி பரவி, விடியும் முன்பே நூற்றுக்கணக்கான ஆண்கள் தெருவோரம் வரிசையில் நின்றார்கள். சிகாகோ, டெட்ராய்ட், மில்வாக்கி, பாஸ்டன் எனப் பிற நகரங்களிலும் இல்லங்கள் தோன்றின. 1941 வாக்கில் அவை முப்பதைத் தாண்டியிருந்தன.

வேர்கள்

இந்த நடைமுறையின் மூல ஆதாரம் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம். பசித்தவருக்கு உணவும் அந்நியருக்கு இடமும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தவர், அறியாமலே அவற்றைக் கிறிஸ்துவுக்குக் கொடுத்தவர் என்று அந்தப் பகுதி சொல்கிறது. கத்தோலிக்க மரபு இதிலிருந்து 'இரக்கச் செயல்கள்' என்ற பட்டியலை உருவாக்கியது. 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் புனித பேசில், நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் நகருக்கு வெளியே பெரிய விடுதி அமைத்தார். அதே நூற்றாண்டின் புனித யோவான் கிறிசோஸ்தோம் வீட்டுக்கு வீடு கிறிஸ்துவுக்கென ஓர் அறை இருக்க வேண்டும் என்று போதித்தார். 6-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் துறவற விதிநூல், தன் 53-ஆம் அதிகாரத்தில், மடத்துக்கு வரும் விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது.

மோரினின் குற்றச்சாட்டு இந்த மரபுக்கு உள்ளிருந்தே எழுந்தது. விருந்தோம்பல் காலப்போக்கில் நிறுவனங்களின் வேலையாகிவிட்டது. கொடுப்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வாங்குபவர் ஒரு விண்ணப்பத்தின் எண்ணாகிவிடுகிறார் என்றார் அவர். இதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது பெர்சனலிசம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் இம்மானுவேல் மூனியே 1932-இல் தொடங்கிய 'எஸ்ப்ரி' இதழின் வழியே பரவிய சிந்தனை இது. மனிதரைத் தனித்து நிற்கும் அணுவாகவோ, கூட்டத்தின் உறுப்பாகவோ சுருக்கக் கூடாது; பிறரோடு கொள்ளும் பொறுப்பான உறவில்தான் அவர் முழுமையாகிறார் என்பது அதன் மையம். மோரின் இதை நடைமுறைக்கு இறக்கினார். பக்கத்தில் பசித்திருப்பவருக்கான பொறுப்பு முதலில் தன்னுடையது. அரசு செய்யட்டும் என்று காத்திருப்பது அந்தப் பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

பூட்டிய இடம் யாருடையது?

தனிச்சொத்தைக் கத்தோலிக்க சமூகப் போதனை மறுப்பதில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் சொத்துரிமையை வெளிப்படையாகவே ஆதரிக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு வரம்பு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இரண்டைப் பிரித்துக் காட்டினார். பொருளைத் தேடுவதும் பராமரிப்பதும் தனியார் கையில் இருக்கலாம். பயன்பாட்டைப் பொறுத்தவரை, அது தேவைப்படுபவரோடு பகிர்ந்துகொள்ளும் மனத்தோடு வைத்திருக்க வேண்டிய பொதுப்பொருள். உயிர் போகும் தேவையில் எல்லாமே பொது. அப்போது ஒருவர் பிறர் பொருளை எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்பது வரை அவர் செல்கிறார். தேவைக்கு மிஞ்சியதை ஏழைக்குக் கொடுப்பது, அவருக்கு உரியதைத் திருப்பித் தருவதே என்பது பேசிலின் போதனை.

இந்த அளவுகோலில் காலிக் கடை தெளிவான வழக்கு. குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையைக் கேட்டால், உரிமையாளர் தன் குடும்பத்தின் தேவையைச் சொல்லலாம். நடக்கும் கடையைக் கேட்டால் பிழைப்பைச் சொல்லலாம். பூட்டிய கடைக்கு அந்தப் பதில்கள் இல்லை. என்றாவது நல்ல வாடகை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்த எதிர்பார்ப்பும், இன்றிரவு குளிரில் படுத்திருப்பவரின் தேவையும் எதிரெதிரே நிற்கும்போது எதற்கு எடை அதிகம் என்பதில் அக்குவினாஸின் மரபுக்குத் தயக்கமே இல்லை.

நவீன மெய்யியல் இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகியது. இம்மானுவேல் கான்ட் 1795-இல் எழுதிய 'நிரந்தர அமைதி' நூலில் விருந்தோம்பலை உரிமையாகவே பேசுகிறார். ஆனால் அது குறுகிய உரிமை. அந்நியர் வந்தால் பகைவராக நடத்தப்படக் கூடாது. வீட்டில் தங்குவதற்கோ தனி உடன்பாடு வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ழாக் தெரிதா இந்த நிபந்தனைகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். பெயர், ஊர், காரணம் எதையும் கேட்காமல் வரவேற்பதே முழுமையான விருந்தோம்பல். ஆயினும் அதை நடைமுறைப்படுத்த விதிகளும் கதவும் சாவியும் தேவை. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி தீராதது என்றார். விருந்தோம்பல் இல்லங்கள் அந்த இழுபறிக்குள்ளேதான் அன்றாடம் வாழ்கின்றன. யாரையும் சோதிக்காமல் ஏற்க வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. படுக்கைகள் நிரம்பிய இரவில் கதவைத் தட்டுபவருக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டியிருப்பது அவற்றின் தீராத வேதனை.

கடை வீடாகும் விதம்

கடைக்கு என்றே கட்டிய இடத்தில் சில வசதிகள் இயல்பாகவே அமைந்திருக்கும். கதவு தெரு மட்டத்தில் இருக்கும். முழங்கால் தேய்ந்த முதியவரும் தள்ளாடி வருபவரும் படியேறாமல் உள்ளே வரலாம். முன்பக்கம் தடுப்பில்லாத ஒரே பெரிய அறை. நீளமான மேசைகளையும் பெஞ்சுகளையும் போட்டால் பலர் ஒன்றாக உட்காரலாம். உள்ளே நுழையத் தெரிந்தவர் யாரும் வேண்டாம். கடைக்குள் போவதற்கு யாரும் அழைப்புக் கேட்பதில்லையே. குறைகளும் அவ்வளவே உண்டு. குளியலறை இருக்காது. பின்பக்கம் காற்றும் வெளிச்சமும் வராது. தனியாக அழுவதற்கு ஒரு மூலைகூடக் கிடைக்காது. எனவே உணவு, கூட்டம், பத்திரிகை வேலை ஆகியவற்றைத் தெருவோர அறையில் வைத்துக்கொண்டு, படுக்கைகளை மாடியிலோ தனிக் குடியிருப்பிலோ போடுவதே ஏற்ற ஏற்பாடாக இருந்தது.

ஒரே அறை பல வேலைகளைச் சுமக்கிறது. காலையில் சூப் பரிமாறிய மேசையில் பிற்பகலில் பத்திரிகைக் கட்டுகள் பிரிக்கப்படும். விருந்தினராக வந்தவர்களும் உட்கார்ந்து இதழ்களை மடித்து, முகவரிச் சீட்டு ஒட்டி, அஞ்சலுக்குக் கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் அதுவே சொற்பொழிவுக் கூடம். பேராசிரியரும் வேலை இழந்த கப்பல் தொழிலாளியும் அங்கே அருகருகே அமர்ந்து கேட்கலாம். தொழிலாளர் அறிஞராகவும் அறிஞர் தொழிலாளராகவும் ஆக வேண்டும் என்ற மோரினின் விருப்பத்துக்கு இந்த இட நெருக்கடி உதவியே செய்தது.

முன்பக்கக் கண்ணாடிக்குத் திரை போடுவதா வேண்டாமா என்பது சில்லறை விஷயமாகத் தோன்றும். அது உண்மையில் அறப் பிரச்சினை. திரை இல்லாவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரு பார்க்கும். ஒளிவுமறைவு இல்லை என்று அக்கம்பக்கம் நம்பும். உள்ளே வரத் தயங்குபவருக்குத் துணிவு வரும். ஆனால் இலவசச் சூப் குடிப்பவரின் முகத்தையும் தெரு பார்க்கும். கடைக்காரருக்குக் கண்ணாடி என்பது சரக்கைக் காட்டும் இடம். விருந்தோம்பல் இல்லத்தில் எவருடைய வறுமையும் காட்சிப்பொருளாகக் கூடாது. பணிவாகச் செய்யப்படும் இத்தகைய சிறு முடிவுகளில்தான் ஒரு கடை வீடாகிறது.

சட்டமும் பணமும்

வணிகக் கட்டடத்தில் மனிதர்களைத் தூங்க வைப்பது நகரச் சட்டத்தோடு மோதும் செயல். 1956-இல் நியூயார்க்கின் கிறிஸ்டி தெருவில் இருந்த இல்லம் தீ விபத்து ஆபத்துள்ள கட்டடம் என்று அறிவிக்கப்பட்டது. சேரி வீட்டு உரிமையாளர்களுக்கு விதிப்பதைப் போலவே டோரதி டேக்கு 250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மறுபடி நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட டேயிடம், வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து எளிய உடையில் ஒருவர் வந்து காசோலையைக் கொடுத்தார். அதில் இருந்த தொகை 250 டாலர். கொடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். செய்தி பரவிய பின் நீதிமன்றமும் தன் கண்டிப்பைத் தளர்த்தியது. இதைச் சட்டத்துக்கும் அன்புக்கும் நடந்த போராக மட்டும் பார்ப்பது சரியாகாது. இரவில் தீப்பிடித்தால் இறப்பவர்கள் அந்த ஏழைகளே. தீத்தடுப்பு விதியும் ஒரு வகையில் இரக்கச் செயல்தான். விதியை மதித்துச் செலவிட வேண்டும். செலவிட முடியாதபோது மூடுவதா, ஆபத்தோடு நடத்துவதா என்பதில் தெருவின் ஆபத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தைப் பின்னர் சுரங்க ரயில் பணிக்காக நகர நிர்வாகம் கையகப்படுத்தியது. இழப்பீடு வரத் தாமதமானதால், அசலோடு 3,579 டாலர் 39 சென்ட் வட்டியும் சேர்த்து அனுப்பியது. 1960-இல் டே அந்த வட்டியை மட்டும் திருப்பி அனுப்பினார். இஸ்ரயேலின் இறைவாக்கினரும் திருச்சபைத் தந்தையரும் வட்டியைக் கண்டித்தார்கள். பணம் உழைக்காமல் பணத்தைப் பெறுவதை ஏற்க முடியாது என்பது அவர் விளக்கம். கடன்பட்டு மளிகை வாங்கிய ஓர் இல்லம், கைக்கு வந்த பணத்தை இப்படித் திருப்பியது பலருக்குப் புரியவில்லை. ஆனால் இல்லத்தின் தர்க்கம் அதில்தான் முழுதாக வெளிப்படுகிறது. கொடுப்பதற்குக் கணக்கு வைக்கும் உலகத்திலிருந்து வெளியேறியவர்கள், தங்களுக்கு வர வேண்டிய கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

வரிவிலக்குப் பெறும் அறநிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளவும் இயக்கம் மறுத்தது. இரக்கத்தைச் சலுகைக்கு மாற்றிக்கொள்வது தவறு என்பதே காரணம். 1972-இல் வருமான வரித்துறை 2,96,359 டாலர் பாக்கி என்று கேட்டு, பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் கோரிக்கையைக் கைவிட்டது.

எதிர்வாதங்கள்

இந்த இல்லங்களின் மீது வைக்கப்படும் எதிர்வாதங்களில் மூன்று முக்கியமானவை. தகுதியற்றவர்களுக்கும் உதவுவதால் சோம்பலும் குடியும் வளர்கின்றன என்பது முதல் வாதம். நன்கொடையாக வந்த வைர மோதிரம் ஒன்றை, அடிக்கடி வந்து எரிந்து விழும் வயதான பெண் ஒருத்திக்கு டே கொடுத்துவிட்டதாக உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விற்றிருந்தால் அவளுக்கே ஓராண்டு வாடகை கட்டியிருக்கலாமே என்று கேட்டபோது, விற்பதா அணிவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்; வைரத்தைக் கடவுள் பணக்காரருக்கு மட்டும் படைக்கவில்லை என்ற பொருளில் டே பதில் சொன்னார். தகுதி பார்த்துக் கொடுப்பது கூலி. கூலிக்கு உலகில் வேறு இடங்கள் இருக்கின்றன. மனந்திருந்துவது விருந்தின் விளைவாக வரலாம். நுழைவுச்சீட்டாக இருக்கக் கூடாது.

சூப் ஊற்றுவது அநீதியான அமைப்புக்கு முட்டுக்கொடுக்கிறது என்பது இரண்டாவது வாதம். இது கனமான வாதம். இரக்கம் மட்டும் இருந்து நீதி இல்லாவிட்டால், ஏழை என்றென்றும் வரிசையிலேயே நிற்பார். இயக்கம் இதை அறிந்தே இருந்தது. அதனால்தான் இல்லத்தோடு பத்திரிகையும் மறியலும் சேர்ந்தே இருந்தன. தொழிற்சங்கப் போராட்டங்களை ஆதரித்தது, போரை எதிர்த்தது, அதற்காக வாசகரையும் நன்கொடையாளரையும் இழந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த நிலைப்பாட்டால் பல இல்லங்களே மூடப்பட்டன. எனினும் புரட்சி வரும்வரை பசித்தவர் காத்திருக்க முடியாது. அமைப்பு மாற வேண்டும் என்று பேசுபவர் இன்றைய பசிக்குப் பதில் சொல்லாவிட்டால், நாளைய நீதியிலும் அந்த மனிதருக்கு இடம் இருக்குமா என்ற ஐயம் நியாயமானதே.

இத்தகைய சிறு இல்லங்களால் பெருந்திரளான வீடின்மையைத் தீர்க்க முடியாது என்பது மூன்றாவது வாதம். அது உண்மை. மருத்துவம், மனநலச் சிகிச்சை, நிரந்தர வீட்டுவசதி ஆகியவற்றுக்கு அரசின் வளமும் ஒழுங்கும் தேவை. அரசு மறுக்கக் கூடாத உரிமைகளைத் தனியார் இரக்கத்துக்கு விட்டுவிடுவது தவறு. அந்த அளவில் மோரினின் கொள்கை திருத்தப்பட வேண்டியதே. ஆனால் அரசால் தர முடியாத ஒன்றை இல்லம் தருகிறது: ஒரே மேசையில் உட்காரும் உறவு. இங்கே ஒருவர் எவ்வளவு காலம் தங்கலாம் என்று கேட்ட சமூகநலப் பணியாளருக்கு டே சொன்ன பதிலின் சாரம் இது: அவர்கள் எங்கள் குடும்பம், எங்களோடு வாழ்கிறார்கள், எங்களோடு சாகிறார்கள், நாங்களே அடக்கம் செய்கிறோம். எந்த அரசுத் திட்டமும் இப்படி ஒரு வரையறையை எழுதிவிட முடியாது.

அளவுகோல்

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், காலிக் கடையில் சேர்ந்து வாழ்வதற்கான நிபந்தனைகள் தெளிவாகின்றன. இல்லம் சிறியதாக இருக்க வேண்டும். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாத அளவுக்கு வளர்ந்தால் அது மறுபடியும் நிறுவனம். பரிமாறுபவர் தாம் பரிமாறுவதையே உண்டு, அதே கூரையின் கீழ் உறங்க வேண்டும். விரும்பி ஏற்ற வறுமை இல்லாமல், விருந்தினர்மீது திணிக்கப்பட்ட வறுமையோடு சமமாக உட்கார முடியாது. உணவுக்கு விலையாகச் செபமோ நன்றியோ கேட்கக் கூடாது. 1961-இல் சால்ட் லேக் நகரில் இயக்கத்தைச் சேர்ந்த அம்மோன் ஹெனசி திறந்த ஜோ ஹில் இல்லம் இதே வழியில் நடந்தது. தொழிலாளர் பாடலாசிரியர் ஒருவரின் பெயர் தாங்கிய அந்த இல்லத்தில் வழிபாடு எவருக்கும் கட்டாயம் இல்லை. இல்லத்தை அமைப்பவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். வரிசையின் சத்தத்தையும் தெருவின் குப்பையையும் சுமக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இடத்தைப் பெறுவதும் இரவலாகவோ வாடகையாகவோ இருக்கலாம். ஆனால் உரிமையாளர் திரும்பக் கேட்கும் நாளில் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காமல் தொடங்குவது, விருந்தினரைச் சூதில் பணயம் வைப்பதாகும்.

டோரதி டே 1980 நவம்பர் 29 அன்று, நியூயார்க்கின் கிழக்கு 3-ஆம் தெருவில் உள்ள மேரி இல்லத்தில் இறந்தார். பழைய இசைப்பள்ளிக் கட்டடத்தில் அமைந்த அந்த இல்லத்தில் வீடற்ற பெண்கள் அவரோடு வாழ்ந்துவந்தார்கள். அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. இயக்கத்தின் சமூகங்கள் இன்று 150-க்கும் மேல். அவற்றை ஆளும் தலைமையகம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நகரத்திலும் பூட்டிய கடைகளும் வீடற்ற மனிதர்களும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்க்கத் தேவையான முதல் மூலதனம் பணமன்று. தன் வசதியில் ஒரு பங்கை இழக்கச் சம்மதிக்கும் சில மனிதர்கள்.